கொடும்பாளூர்: தலைநகராயிருந்த ஓர் உழவூர்

திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்குச் செல்லும் பெருவழியை அடுத்து, விராலிமலைக்குத் தெற்கே, கொடும்பாளூர் என்னும் சிற்றூர் உள்ளது. புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 22 மைல். வயல்களும் சில கற்கோயில்களும் உடைய ஏனைய ஊர்களுள் ஒன்றென்றே காண்போர்க்குத் தோன்றும். ஆயினும் இருக்குவேளிர் என்னும் சிற்றரசர்க்குத் தலைநகராய் விளங்கியது இவ்வூரே.

உறையூரிலிருந்து மதுரைக்குச் சென்ற பழைய வழி இவ்விடத்தில் மூன்றாகப் பிரிந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அந்நூல் கொடும்பை எனக் குறிப்பது இவ்வூரையே என்பர் அறிஞர். வழி பிரியும் இடத்திற்கு அதில் காட்டப்பெறும் அடையாளம் அரண்மனையுமன்று, கோயிலுமன்று. ஒரு நெடிய குளமாம். விவசாயிகள் இதனைக் கவனித்தல் தகும்.

இருக்குவேளிருள் பூதி விக்கிரமகேசரி என்பவர் தம் பெயராலும், தம் தேவியர் கற்றளி, வரகுணை ஆகிய இருவர் பெயராலும் மூன்று கோயில்களை எடுப்பித்தார். மூவர் கோயில் எனப்படுபவை இவையே. இரண்டு இன்றும் நிற்கின்றன; மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்கு மடம் அளித்து, 50 துறவியரின் உணவுக்காக 11 ஊர்களையும் அவர் விட்டதாக அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. அறத்திற்கும் ஆட்சிக்கும் முதலாயிருந்தது உழவர் விளைவித்த தானியமே.

அத்தானியம் விளைந்ததோ குளத்து நீரால். இப்பிரதேசத்தில் வற்றாத ஆறு கிடையாது. சரளை கலந்த செம்மண்ணில் ஐப்பசி கார்த்திகை மழை தங்காது ஓடிவிடும். ஆதலின் சரிவுக்குக் குறுக்கே கரையிட்டு நீரைத் தேக்கினர். இம்மாவட்டத்துப் பழங்குளங்கள் பலவற்றில் கரைக்கு உட்புறம் நீரிடையே இரண்டு கற்றூண்கள் நிற்பதைக் காணலாம். அவை குமிழித் தூம்பைச் சேர்ந்தவை. அடைப்பைத் தூக்கினால் மேலுள்ள நீரோடித் துளை வழியே தெளிந்த நீரும், கீழுள்ள சேறோடித் துளை வழியே வண்டலும் இறங்கி, கரைக்கடியிற் செல்லும் சுருங்கையின் மூலம் வயலை அடையும். குளம் தூர்வது குறையும். நிலத்திற்குச் செலவின்றி உரமும் கிட்டும். இக்காலத்து இரும்புக் கதவு மதகுகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை.

இத்தூண்களிற் பல எழுத்துப் பொறிக்கப்பெற்றவை. குளம் வெட்டும்போது இவற்றைப் பெயர்த்துத் துவைகல்லாகப் போட்டுவிடுவது வருந்தத்தக்கது. பொறி கொண்டு தூர் எடுக்கத் தொடங்குமுன் கல் நிற்கும் இடத்தைக் கிராம அதிகாரிகள் குறித்துவைத்தல் அவசியம். மண்ணில் மறைந்துகிடந்த, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள் உழவிற் கிடைப்பின், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவித்தல் வேண்டும்.