பழைய வண்டி வைத்தியம் – 9: காயிலைக் குறை சொல்லும் முன்

சென்ற வாரம் கார்புரேட்டரைப் பார்த்தோம். பெட்ரோல் ஒழுங்காக வந்தும் வண்டி கிளம்பவில்லை என்றால், அடுத்து பார்க்க வேண்டியது கரண்ட். இந்த வாரமும் நமக்கு உதாரணம் மாருதி 800தான். 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி; எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார். அதன் பழைய கார்புரேட்டர் மாடலை இன்றும் ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கரண்ட் கோளாறு என்று போனால் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் பதில், “காயில் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” அளந்து பார்க்காமல் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பை ஏற்காதீர்கள் என்பதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். ப்ளக்கில் பொறி பறக்க இது போதாது. பல ஆயிரம் வோல்ட் வேண்டும். அந்த வேலையைச் செய்வது காயில். அதற்குள் இரண்டு சுருள்கள். முதல் சுருளில் 12 வோல்ட் கரண்ட் ஓடும்போது காந்தப் புலம் உருவாகிறது. பழைய வண்டியில் பாயிண்ட், பின்னால் வந்தவற்றில் எலக்ட்ரானிக் சர்க்யூட், அந்தக் கரண்ட்டைச் சட்டென்று வெட்டும். வெட்டிய நொடியில் இரண்டாவது சுருளில் உயர் அழுத்தம் எழும்பும். அதை டிஸ்ட்ரிபியூட்டர் மூன்று சிலிண்டர்களுக்கும் 1-3-2 என்ற வரிசையில் பிரித்துக் கொடுக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 75 பொறி. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. அடிப்படை மாறாமல் பல பத்தாண்டுகள் ஓடியது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காயிலுக்குள் போகும் 12 வோல்ட் குறைந்தால், வெளியே வரும் பொறியும் பலவீனமாகும். அப்போது குற்றம் காயிலுடையது அல்ல. அதற்கு முன்னால் இருக்கும் வயரிலோ டெர்மினலிலோ எர்த்திலோ இருக்கிறது. புதுக் காயில் போட்டாலும் வண்டி பழையபடிதான் நிற்கும்.

ஆகவே பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது சில இடங்களில் இன்னமும் நடக்கிறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் டையோடும் ரெகுலேட்டரும் எரிந்துபோகலாம். உங்கள் வண்டியில் யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள்.

அடுத்தது எர்த். பேட்டரியின் நெகடிவ்விலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் பட்டை வயர் இருபது வருடத்தில் துருவும் எண்ணெயும் ஏறிக் கிடக்கும். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். துருப்பிடித்த அந்த இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். கண்டுபிடிப்பது எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவ்விலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டினால் வேலை முடிந்தது. செலவு உப்புத்தாள் விலைதான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி கிளம்பவில்லையா? ஒரு ப்ளக்கைக் கழற்றி, அதன் உலோக உடம்பு இன்ஜினைத் தொடும்படி வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் வாடை இருக்கக் கூடாது. வயரைக் கையால் பிடிக்கவும் கூடாது. நீலமாகத் தடித்த பொறி வந்தால் நல்லது. சிவந்து மெலிந்த பொறி என்றால் கரண்ட் போதவில்லை.

மழைநாளில் மிஸ்ஸிங் அடிக்கிற வண்டிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். உட்புறத்தில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தலைமுடி கனத்தில் கறுப்புக் கோடு ஓடியிருக்கும். அது கீறல் மட்டுமல்ல, கரியாகிப்போன பாதை. ஈரம் பட்டதும் கரண்ட் ப்ளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே கசிந்துவிடும். துடைத்தால் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவில் இருக்கும் சிறிய கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, ரோட்டார் நுனி அரித்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால், வெடித்துப்போன ஹெச்.டி. (உயர் அழுத்த) வயர் நீலப் பொறியாகத் தன்னையே காட்டிக்கொடுக்கும்.

காயிலே கெடுவதும் உண்டு. அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் நின்று, ஆறிய பிறகு தானாகவே கிளம்பினால் அதைச் சந்தேகிக்கலாம். அப்போதும் நின்ற இடத்திலேயே பொறி இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்த பிறகே மாற்றுங்கள்.

கடைசியாக, இதை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அந்த இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். ஸ்டீரியோவுக்கும் ஹார்னுக்கும் வயரை வெட்டி டேப் சுற்றிய ஒட்டுகள் வெயிலில் பிசுபிசுத்து விலகும். அங்கே ஷார்ட் ஆனால் காப்பாற்ற இருப்பது அந்த ஃபியூஸ் ஒன்றுதான். அதையும் கெடுத்துவிட்டால் வண்டியே தீப்பிடிக்கும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். அடுத்த முறை “காயில் போச்சு” என்று யாராவது சொன்னால், “எத்தனை வோல்ட் காட்டுது அண்ணே?” என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார். மீட்டரை எடுத்துக் காட்டுவார்.

(தொடரும்)