தறிவீட்டுச் சன்னலுக்கு ஏற்ற திரை

திண்டிவனத்துக்கு அருகே நெசவாளர் வீடொன்றுக்குச் சித்திரை மாதத்தில் சென்றிருந்தேன். நண்பகலிலும் உள்ளே இருள். சன்னலைப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தனர். "வறண்ட காற்றுப் பட்டால் பாவு இழை அறுந்துபோகிறது, ஐயா" என்றார் நெசவாளர். அதில் பிழையில்லை, ஈரம் குறைந்தால் பருத்தி நூலின் வலுவும் குறையும். ஆயினும் அடைத்த அறையில் பஞ்சுத் தூசியும் அடுப்புப் புகையும் தங்கிவிடுகின்றன. நான் விடைபெறும்வரை அவ்வீட்டுக் குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. வீட்டினுள் சேரும் புகை முதலியவற்றால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

நெசவாளருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். கோடையில் இரண்டையும் தருவது வெட்டிவேர்த் தட்டி. அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்து மணற்பாங்கில் அவ்வேர் விளைகிறது. காற்று வரும் பக்கத்துச் சன்னலில் தட்டியைக் கட்டி நீர் தெளித்தால், காற்று ஈரமேறிக் குளிர்ந்து வரும். எதிர்ச் சுவரில் திறப்பு இருத்தல் அவசியம். இன்றேல் அறை புழுங்கும். இரவில் தட்டியை உலரவிடுக. ஓயாத ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் நம் சங்கத்து மெல்லிய பருத்தித் துணியே போதும். அடிக்கடி துவைத்து வெயிலில் காயவைக்கலாம். எந்தத் திரையும் புகையை வடிகட்டாது. அடுப்பைத் தறியறையிலிருந்து அகற்றியே ஆகவேண்டும்.

நெசவாளர் தட்டியின் விலையைக் கேட்டார். பத்து அங்கத்தினர் சேர்ந்து வேரை மொத்தமாக வாங்கலாமே என்றேன்.