ரோமாபுரிச் சமையலறையில் மிளகு

கிள்ளானில் சனிக்கிழமைதோறும் வரலாற்றுப் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறேன். சில வாரங்களுக்கு முன், வகுப்பு முடிந்ததும் படிவம் நான்கு மாணவர் ஒருவர் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். புலனத்தில் வந்த செய்தி அது. 'ரோமாபுரியை ஆண்டவர்கள் தமிழர்களே' என்று தொடங்கியது.

"டீச்சர், கட்டுரைப் போட்டிக்கு இதை எழுதலாமா?"

"இதற்குச் சான்று என்ன தம்பி?"

"எல்லாரும் அனுப்புறாங்களே டீச்சர்."

"பலர் அனுப்பினால் அது சான்றாகிவிடாது" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ ரோமுக்கும் நமக்கும் ஒன்னுமே இல்லையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிவம் ஒன்று வரலாற்றுப் பாடநூலில் கிரேக்கமும் ரோமும் ஒரு பாடம். இந்தியாவும் சீனாவும் வேறொரு பாடம். இரண்டையும் தனித்தனியே மனனம் செய்து, தேர்வு எழுதி, மறந்துவிடுகிறோம். இடையில் இருந்த கடலை யாரும் பார்ப்பதில்லை. அந்த வாரம் பிரிக்பீல்ட்ஸ் சென்றிருந்தபோது ஒரு மளிகைக் கடையில் 100 கிராம் மிளகு வாங்கினேன். அடுத்த வகுப்பின் பாடம் அதுதான்.

மாடி வீடும் தெருக் கடையும்

முதலில் ஆண்டுகளை நினைவுபடுத்திக்கொள்வோம். மரபுப்படி ரோம் நகரம் தோன்றியது கி.மு. 753. மன்னராட்சி நீங்கிக் குடியரசு மலர்ந்தது கி.மு. 509. அகஸ்டஸ் முதல் பேரரசர் ஆனது கி.மு. 27. மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர் பதவி இழந்தது கி.பி. 476.

சரி, அந்த நகரத்தில் சாதாரண மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? பெரும்பாலோர் நம்மில் பலரைப் போல அடுக்குமாடியில்தான் வாழ்ந்தார்கள். அதற்கு 'இன்சுலா' என்று பெயர். இங்கே மேல் மாடி என்றால் விலை கூடும். அங்கே நேர்மாறு. மின்தூக்கி கிடையாது; தண்ணீரைச் சுமந்து ஏற வேண்டும்; தீப்பிடித்தால் மேலே இருப்பவர் தப்புவது கடினம். அதனால் ஏழைகளே மேல் மாடியில் இருந்தார்கள். கட்டடங்கள் இடிந்து விழுந்ததால், உயரம் 70 ரோமானிய அடியை, அதாவது ஏறக்குறைய 20 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று அகஸ்டஸ் சட்டம் போட்டார்.

பல வீடுகளில் சமையலறையே இல்லை. சாப்பாடு தெருக் கடைகளில்தான். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலையில் புதைந்த பொம்பெய் என்ற சிறு நகரில் மட்டும் இத்தகைய கடைகள் நூற்றுக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. நம் மாமாக் கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பொதுக் குளியலகத்துக்கு நுழைவுக் கட்டணம் மிகச் சிறிய காசு. பிள்ளைகள் மெழுகு பூசிய பலகையில் எழுத்தாணியால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதினார்கள். ஆனால், குளியலகத்துக்கு அடுப்பெரித்தவர்களிலும், பணக்காரப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர்களிலும் பலர் அடிமைகள். ரோமை வியக்கும்போது இதையும் மறக்கக்கூடாது.

ஒரு கைப்பிடி மிளகின் விலை

இனி மிளகுக்கு வருவோம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற அறிஞர் அதன் விலையை எழுதி வைத்திருக்கிறார். ஒரு ரோமானிய பவுண்டு (ஏறக்குறைய 327 கிராம்) கருமிளகு 4 தெனாரியஸ். அக்காலத்தில் ஒரு காலாட்படை வீரரின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ்.

மாணவர்களைக் கணக்குப் போடச் சொன்னேன். மேசையில் இருந்த 100 கிராம் மிளகு, ஒரு வீரரின் ஏறக்குறைய இரண்டு நாள் சம்பளம்! ஆயினும் வாங்கினார்கள். இங்கிலாந்தின் வடக்கே விந்தோலாந்தா கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கணக்கு ஒன்றில், கம்பக்ஸ் என்பவர் 2 தெனாரியஸுக்கு மிளகு வாங்கியது பதிவாகியுள்ளது.

அந்த மிளகு வந்த இடம் சேர நாட்டு மலைகள். கி.மு. 30-இல் எகிப்து ரோமின் கைக்கு வந்தது. அதன் பிறகு செங்கடல் துறைமுகங்களிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துக் கப்பல்கள் நேரே இந்தியக் கரைக்கு வந்தன. காற்றுத் திசை மாறியதும் திரும்பின. ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை போனதாக ஸ்ட்ராபோ எழுதினார். ஆண்டுதோறும் 50 மில்லியன் செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி புலம்பினார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ்.

இரு கரைகளின் சாட்சி

இதற்குச் சான்றுகள் இரு பக்கமும் உள்ளன. முசிறிக்கு வந்த யவனர் கப்பல்கள் தங்கத்தைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற காட்சி அகநானூற்றின் 149ஆம் பாடலில் இருக்கிறது. முசிறி வணிகத்துக்காக எழுதப்பட்ட கிரேக்கமொழிக் கடன் ஒப்பந்தம் ஒன்று இன்று வியன்னாவில் இருக்கிறது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலிய மட்பாண்டங்கள் கிடைத்தன. எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில், இந்தியாவில் செய்யப்பட்ட ஒரு சாடியில் ஏறக்குறைய ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. அதே செங்கடற்கரையில் குசைர் அல்-காதிம் என்ற இடத்தில் கிடைத்த பானை ஓடுகளில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் உள்ளன. அவர்கள் அரசர்கள் அல்லர். தம் பானையில் தம் பெயரைக் கீறி வைத்த சாதாரண மனிதர்கள்.

நமக்கு அருகிலும் ஒரு சான்று உண்டு. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்ற பழைய துறைமுகப் பகுதியில், பொன்னை உரசிப் பார்க்கும் சிறு கல் ஒன்று கிடைத்தது. அதில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் எழுதியிருக்கிறது. காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு.

அப்போது ஒரு மாணவி கேட்டார்: "நம்ம கிள்ளான்ல ஒன்னும் கிடைக்கலையா டீச்சர்?" கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமையான வெண்கல மணி ஒன்று கிள்ளானில் கண்டெடுக்கப்பட்டு, இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "ஆனால் அது ரோமிலிருந்து வந்தது என்று எழுதிவிடாதீர்கள்" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த மாணவர் சிரிக்கவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் தன் கட்டுரையைக் காட்டினார். 'தமிழர்கள் ரோமை ஆளவில்லை. ஆனால் ரோமானியர் உணவில் நம் மிளகு இருந்தது. அவர்கள் துறைமுகத்தில் நம் எழுத்து இருந்தது' என்று தொடங்கியிருந்தார். இதை யார் கேள்வி கேட்டாலும் அவரால் பதில் சொல்ல முடியும். அவருக்கு வந்த புலனச் செய்திக்கு அந்தப் பலம் இல்லை.

மாணவர்களே, நம் பெருமையைப் பேசும் செய்தி உங்களுக்கும் வரும். அனுப்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சான்றாக உள்ள பொருள் எது? எங்கே கிடைத்தது? அதை ஆராய்ந்தவர் யார்? பதில் இருந்தால் தாராளமாகப் பகிருங்கள். இல்லையென்றால் நூலகத்துக்குப் போங்கள். பொய்யான பெருமையை ஒருவர் ஒரே கேள்வியில் உடைத்துவிடலாம். சாதன் பானையில் கீறிய பெயரோ ஈராயிரம் ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது.