கொழுப்புக்கு இடமில்லாமல் போகும்போது

பிரேசில் மருத்துவர் வால்டெமார் பெரார்டினெல்லி 1954இல் குழந்தைகளிடம் காணப்பட்ட ஓர் அரிய நோயைப் பதிவு செய்தார். நார்வேயில் மார்ட்டின் செய்ப் 1959இல் அதே நோயை விவரித்தார். இந்தக் குழந்தைகளின் உடம்பில் கொழுப்புத் திசு அநேகமாகக் கிடையாது. தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லாததால் கன்னம் ஒட்டிப்போய், கைகால்களில் தசையும் இரத்தக் குழாய்களும் புடைத்துத் தெரியும். வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கும். அழுத்திப் பார்த்தால் வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே கல்லீரல் பெரிதாகத் தட்டுப்படும். அதை வீங்க வைத்திருப்பது கொழுப்பு.

கொழுப்பே இல்லாத உடம்பில் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு! ஃபேட்டி லிவர் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதியை இந்த ஒரு நோய் கேள்விக்குள்ளாக்கிவிடுகிறது.

இன்று முழு உடல் பரிசோதனைக்குப் போய்வருகிற பலருடைய ஸ்கேன் அறிக்கையில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்ற வரி இருக்கிறது. வீட்டில் உடனே நெய், மஞ்சள் கரு, ஆட்டுக்கறி எல்லாவற்றுக்கும் தடை விழும். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது நோய்க் கணக்கில் வருகிறது. பலருக்கு அது அந்த அளவிலேயே நின்றுவிடும். சிலருக்கு அழற்சி தொடங்கி, தழும்பேறி, கடைசியில் கல்லீரல் சுருங்கி இறுகும் சிரோசிஸில் போய் முடியும். மது குடிக்காதவர்களுக்கும் இந்தப் பாதை உண்டு என்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜூர்கன் லுட்விக் 1980இல் தம் சகாக்களோடு எழுதிய கட்டுரை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் இதற்கு நேரடியாக விடை தேடினார்கள். கல்லீரல் திசு எடுக்க நாள் குறிக்கப்பட்டிருந்த நோயாளிகளுக்குச் சில நாட்கள் முன்பிருந்தே அடையாளமிட்ட ஐசோடோப்புகளைக் கொடுத்து, கல்லீரலில் சேர்ந்திருந்த கொழுப்பு எந்த வழியாக வந்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். சாப்பாட்டில் இருந்த கொழுப்பின் பங்கு சுமார் 15 சதவீதம். சர்க்கரை, மாவுச்சத்து ஆகியவற்றைக் கொண்டு கல்லீரலே தயாரித்துக்கொண்டது சுமார் 26 சதவீதம். மீதி, ஏறத்தாழ 59 சதவீதம், இரத்தத்தில் மிதந்துவந்த கொழுப்பு அமிலங்கள். அவற்றில் பெரும்பகுதியை இரத்தத்தில் விட்டது உடம்பின் கொழுப்புத் திசு. ஆகவே கல்லீரலைப் புரிந்துகொள்ள முதலில் கொழுப்புத் திசுவைத்தான் பார்க்க வேண்டும்.

கொழுப்புத் திசுவை வேண்டாத சதையாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஓயாமல் வேலை செய்யும் உறுப்பு. சாப்பிட்டு முடித்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அதன் உத்தரவுப்படி கொழுப்பு செல்கள் இரத்தத்தில் இருக்கும் கொழுப்பை உள்ளே இழுத்து, ட்ரைகிளிசரைடாக்கிப் பூட்டி வைக்கின்றன. இரவில், பட்டினியில், ஓட்டத்தில் இன்சுலின் குறையும்போது தேவையான அளவு மட்டும் வெளியே விடுகின்றன. நடுத்தர உடல்வாகுள்ள ஓர் ஆணின் உடம்பில் 10 முதல் 15 கிலோ கொழுப்பு இருக்கும். கலோரியில் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு லட்சம் வரும். கொழுப்பைப் பத்திரமாகத் தேக்கி வைப்பதற்கென்றே அமைந்த இடம் இது ஒன்றுதான். கல்லீரல் அப்படிப்பட்ட இடமல்ல. அது கொழுப்பை வாங்கி, எரித்து, மிச்சத்தைப் பொட்டலம் கட்டி இரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும் இடம். அனுப்புவதைவிட வருவது அதிகமானால் அங்கேயே தேங்கிவிடும். குதிர் நிறைந்த பிறகும் நெல் வந்துகொண்டே இருந்தால் அது திண்ணையில் குவிவதைப் போலத்தான். குதிரே இல்லாத வீட்டில் முதல் மூட்டையே திண்ணைக்குப் போகும். பெரார்டினெல்லி கண்ட குழந்தைகளின் நிலை அது.

கொழுப்பு செல்கள் நிறைந்துபோவது எப்படி? சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதில் மிக முக்கியமானது. 1963 வரை வானில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 கூடியிருந்தது. பிறகு அது ஆண்டுக்காண்டு குறைந்தது. ஒரு செல் பிறக்கும்போது காற்றில் இருந்த கார்பன்-14 அதன் டிஎன்ஏவில் பதிந்துவிடும். அதை அளந்தால் செல்லின் வயது தெரியும். மனிதரை அழிக்கச் செய்த வெடிகள் விட்டுப்போன தடயத்தை உடம்பை அறியும் கருவியாக மாற்றிய இந்த யோசனை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதக் கொழுப்பு செல்கள் இறந்து புதியவை பிறக்கின்றன; ஆனால் மொத்த எண்ணிக்கை இளவயதிலேயே முடிவாகிவிடுகிறது என்று அதில் தெரிந்தது. வளர்ந்தவர் எடை கூடும்போது பெரும்பாலும் இருக்கிற செல்களே பருக்கின்றன.

அளவுக்கு மீறிப் பருத்த செல்லுக்கு இரத்த ஓட்டம் போதாது. இன்சுலின் சொல்வதை அது சரியாகக் கேட்பதில்லை. சாப்பிட்ட பிறகும் பூட்டாமல் கொழுப்பு அமிலங்களைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். சில செல்கள் செத்துப்போகும். அவற்றைச் சுத்தம் செய்ய மேக்ரோஃபேஜ் என்னும் காவல் செல்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. 2003இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே காட்டின. அங்கே எழும் அழற்சி வேதிப்பொருள்கள் செல்களின் இன்சுலின் செவியை இன்னும் மந்தமாக்குகின்றன. கசிவு கூடுகிறது.

கொழுப்புத் திசு ஹார்மோன்களையும் சுரக்கிறது. நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994இல் லெப்டின் மரபணுவைக் கண்டுபிடித்தது. சேமிப்பு இருக்கிறது, பசி போதும் என்று மூளைக்குச் சொல்வது லெப்டின். கொழுப்புத் திசு இல்லாதவர்களிடம் அதைச் சுரக்க ஆளில்லை. ஆகவே அடங்காப் பசி, சாப்பிட்டுச் சேரும் கொழுப்பை வைக்கவும் இடமில்லை. அத்தகைய ஒன்பது பேருக்கு நான்கு மாதம் லெப்டின் ஊசி போட்டுப் பார்த்த முடிவு 2002இல் வெளியானது. இரத்த ட்ரைகிளிசரைடு சராசரியாக 60 சதவீதமும், கல்லீரலின் பருமன் 28 சதவீதமும் குறைந்திருந்தன. மருத்துவத்தில் இப்படிப்பட்ட மாற்றம் அடிக்கடி காணக் கிடைப்பதல்ல. சாதாரண ஃபேட்டி லிவர்காரருக்கு இந்த ஊசி உதவாது. அவர் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுதி. மூளைதான் அதைக் கேட்பதில்லை.

அடிபோனெக்டின் இன்னொரு ஹார்மோன். செல் பருக்கப் பருக்க இது குறையும். லெப்டின் இல்லாத குண்டு எலிகளின் கொழுப்புத் திசுவில் இது கூடுதலாகச் சுரக்கும்படி மரபணுவை மாற்றி, ஃபிலிப் ஷெரர் குழு 2007இல் ஒரு சோதனை செய்தது. எலிகள் முன்பைவிடப் பெருத்தன. தோலுக்கடியில் கொழுப்பு ஏராளமாகச் சேர்ந்தது. ஆனால் இரத்தச் சர்க்கரை சீரானது, கல்லீரல் கொழுப்பு குறைந்தது. சர்க்கரை நோய்க்குத் தரும் பயோகிளிட்டசோன் மாத்திரையும் மனிதரிடம் ஏறக்குறைய இதையே செய்கிறது. புதிய கொழுப்பு செல்கள் உருவாகத் தூண்டுகிறது. எடை சற்றுக் கூடும், கல்லீரல் கொழுப்பு இறங்கும். நீர் கோத்தல், எலும்பு பலவீனம் போன்ற பக்கவிளைவுகள் இருப்பதால் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாத மாத்திரை அது.

கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947லேயே இதைச் சொன்னார்: இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பைவிட மேலுடம்பில் சேரும் கொழுப்பே சர்க்கரை நோயோடு நெருங்கிய உறவுடையது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கசிவது போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அதனால் தொப்பையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அளந்து பார்த்தபோது கல்லீரலுக்கு வரும் கொழுப்பு அமிலங்களில் அதன் பங்கு ஒல்லியானவர்களிடம் 5 முதல் 10 சதவீதம், தொப்பை மிகுந்தவர்களிடம் 20 முதல் 25 சதவீதம் என்ற அளவில்தான் இருந்தது. மிச்சமெல்லாம் பெரும்பாலும் தோலடிக் கொழுப்பிலிருந்து வருவது. தோலடியில் இடம் போதாமல்தான் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு ஒதுங்குகிறது என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இடம் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டனின் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். புனே பகுதியில் பிறந்த குழந்தைகள் பிரிட்டன் குழந்தைகளைவிட எடை மிகக் குறைந்திருந்தும், கொழுப்பில் அந்த அளவுக்குப் பின்தங்கவில்லை என்பதையும் யாஜ்னிக்கின் ஆய்வுகள் காட்டின. தசை குறைவு, தோலடிச் சேமிப்பிடமும் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. ‘ஆள் ஒல்லிதானே’ என்று நம்மவர்கள் நிம்மதியாக இருக்க முடியாததற்கு இதுதான் காரணம். தெற்காசியருக்கு ஆணின் இடுப்பளவு 90 செ.மீ., பெண்ணின் இடுப்பளவு 80 செ.மீ. என்பதை எல்லையாக வைத்திருக்கிறார்கள். எடை எந்திரத்தோடு இஞ்சு டேப்பும் வீட்டில் இருக்கட்டும்.

அப்படியென்றால் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டால் தீர்ந்ததா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் கிளைன் குழு 15 பெண்களிடம் லைபோசக்ஷன் மூலம் வயிற்றுத் தோலடியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை எடுத்து, சில வாரங்கள் கழித்துச் சோதித்தது. 2004இல் வெளியான முடிவின்படி கல்லீரலிலோ தசையிலோ இன்சுலின் செயல்பாடு மேம்படவில்லை. எடுக்கப்பட்டவை செல்கள், மிஞ்சிய செல்கள் அதே பருமனில்தான் இருந்தன. சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, எடையைக் குறைப்பவரிடம் நடப்பது வேறு. செல்களின் எண்ணிக்கை மாறாது, ஒவ்வொன்றும் சிறுக்கும். சிறுத்த செல் மறுபடி இன்சுலினுக்குக் கட்டுப்படும், கசிவு குறையும். உடல் எடையில் 5 சதவீதம் இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் இறங்கினால் அழற்சி தணியும். 10 சதவீதத்தைத் தாண்டியவர்கள் பலரிடம் தழும்பும் பின்வாங்கியிருக்கிறது. ஆனால் பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்கப் பார்த்தால், கொழுப்புத் திசு ஒரேயடியாகக் கொழுப்பு அமிலங்களைக் கொட்டும். அது போய்ச் சேருவதும் அதே கல்லீரலுக்குத்தான். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.