வயரிங் படம் யாரிடம் இருக்கிறது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு என்று அறிவித்தார்கள். அது தவணையைத் தள்ளிப்போடுவதுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கம்ப்யூட்டர்களை அது சேர்த்துக்கொள்வதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்கிறது. போபாலில் நம்மவர் வீடுகளில், பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கி, பிள்ளைகள் புனேவுக்கும் பெங்களூருக்கும் போனபின் உறை போர்த்தி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

நம் சங்க நூலகத்தில் இருக்கும் மூன்றும் 2014-இல் வாங்கியவை. அவற்றைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக மூன்று வாங்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. அந்தத் தொகையில் ஞாயிறு தமிழ் வகுப்பை ஓராண்டுக்கு மேல் நடத்திவிடலாம். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவகாசம் கொடுங்கள் என்று கேட்டேன். சிக்கனம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல ரயில்வேயிலிருந்து தொடங்க வேண்டும்.

டிப்ளமா முடித்து, முப்பத்தேழு ஆண்டுகள் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ரிலே அறைக்குள் நுழைந்தால் நூற்றுக்கணக்கான ரிலேக்கள் டக் டக்கென்று விழுந்து எழும். புதிதாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆனால் மூலையில் ஓர் இரும்பு அலமாரி இருக்கும். அதில் சர்க்யூட் படங்கள். எந்த ரிலேயின் எந்தக் கான்டாக்ட் வழியாக மின்சாரம் எங்கே போகிறது என்று ஒரு கம்பி விடாமல் வரைந்திருக்கும். நள்ளிரவில் ஒரு பாயிண்ட் திரும்பவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பக்கம், கண்ட்ரோல் மறுபக்கம் நச்சரிக்கிறார்கள். ஐ.டி.ஐ. படித்த மெயின்டெய்னர் பையன் படத்தை விரித்து, மல்டிமீட்டரை வைத்து, இன்ன இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான். அவனுக்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை.

பின்னாளில் மின்னணு இன்டர்லாக்கிங் வந்தது. நல்ல சாதனம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே ஓடும் மென்பொருள் தயாரித்த நிறுவனத்தின் சொத்து. ஒரு நிலையத்தில் காரணம் புரியாத ஒரு கோளாறு. நிறுவனத்தின் ஆள் வேறு மாநிலத்திலிருந்து வந்து சேரும்வரை, பதினொரு மணி நேரம், நானும் இரண்டு மெயின்டெய்னர்களும் அந்த அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். வேலை தெரிந்த மூன்று பேர், செய்ய ஒன்றுமில்லாமல்! ஒரு பொருள் நம் கட்டிடத்தில் இருப்பது வேறு, அது நம்முடையதாக இருப்பது வேறு.

ஏறக்குறைய இதே எரிச்சல் 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு வந்தது. அங்கே ஒரு லேசர் பிரின்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். சிக்கினால் உடனே எல்லோருக்கும் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்த விரும்பினார். முந்தைய பிரின்டருக்கு அப்படித்தான் செய்திருந்தார். இதற்கோ மூல நிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஒருவர், வெளியே தரமாட்டேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வகுத்த உரிமத்தின் சாரம். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் அடுத்த ஆண்டே அதே உரிமத்துக்குள் வந்தது. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியிலும் அதுதான். அதாவது வயரிங் படம் அலமாரியில் இருக்கிறது. அலமாரிக்குப் பூட்டு இல்லை.

சரி, நிறுவும் கதைக்கு வருவோம். லினக்ஸில் பல வகை உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது லினக்ஸ் மின்ட் 22, அதிலும் பழைய இயந்திரங்களுக்கு ஏற்ற எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. 4 ஜிபி நினைவகம் தாராளம். 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். பழைய ஹார்ட் டிஸ்குகளை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டதுதான் மொத்தச் செலவு.

கோப்பை இறக்கியதும் முதல் வேலை, அது வழியில் சிதையாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. தயாரித்தவர்கள் 64 குறிகள் கொண்ட ஓர் அடையாளத்தை வெளியிட்டிருப்பார்கள். நாம் இறக்கிய கோப்பிலிருந்து கணக்கிட்டால் அதே 64 குறிகளும் வர வேண்டும். கேட்மேன் 'கேட் மூடியாயிற்று' என்று வாயால் சொன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னல் கொடுக்க மாட்டார். பிரைவேட் நம்பர் சொன்னால்தான் கொடுப்பார். அதில் கேட்மேனுக்கு அவமானம் ஒன்றுமில்லை. சரிபார்ப்பதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு முகம் சுளிப்பவர்கள் நம் உறவுகளில் எத்தனை பேர்!

பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால் மின்ட் உடனே ஓட ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் டிஸ்கை நாம் சொல்லாமல் தொடாது. வை-ஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, பிரின்டர் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். புது நிலையத்தைத் திறக்கும் முன் நாங்களும் ஒரு வண்டிகூட ஓடாமல், சிமுலேஷன் பேனலை வைத்து ஒவ்வொரு தடத்தையும் சோதிப்போம். ஊர் மாறுவது, தொழில் மாறுவது, சம்பந்தம் பேசுவது என்று வாழ்க்கையில் இப்படி ஒத்திகை பார்க்க வாய்ப்பில்லாதவை பல உண்டு. வாய்ப்பு இருக்கும் இடத்திலாவது பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஒரு ஞாயிறு முழுவதும் பார்த்தோம்.

அதற்குமுன் பழைய கோப்புகளுக்கு நகல் எடுத்தாயிற்று. 2015 ஜூன் 17 அன்று இட்டார்சியில் ரிலே கேபின் தீப்பிடித்து எரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தவர்கள் திரும்ப முடியாமல், ஜி.டி.யும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் எந்த வழியாகப் போகும், போகுமா என்று ஒரு மாதத்துக்கு மேல் திண்டாடினோமே! சர்க்யூட் படங்களின் நகல் நிலையத்தோடு நிற்காமல் டிவிஷனிலும் இருக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் பழைய விதி. எல்லாம் ஒருநாள் போகும் என்று வேதாந்தம் பேசுவது சுலபம். போகும் என்று நிஜமாகவே நம்புகிறவர் இரண்டாவது நகலை வேறொரு வீட்டில் வைத்திருப்பார்.

நிறுவுதல் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. நடுவில் அது ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

லினக்ஸில் ரூட் என்று ஒரு சர்வாதிகாரி உண்டு. அவர் எதையும் அழிக்கலாம், இயக்க அமைப்பையே துடைத்துப் போடலாம். ஆனால் அன்றாட வேலையை ரூட்டாக இருந்து செய்வது கூடாது. உடைமைக்காரர் நாமே ஆனாலும் சாதாரணப் பயனராகத்தான் உள்ளே வருகிறோம். புது மென்பொருள் சேர்ப்பது போன்ற வேலைகளுக்கு மட்டும் சூடோ என்று எழுதி, கடவுச்சொல்லை மறுபடி கொடுத்து, அந்த ஒரு காரியத்துக்கு அதிகாரத்தைக் கடன் வாங்கி, உடனே திருப்பிவிடுகிறோம். ரிலே அறைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றது எங்கள் ஆளிடம். பாயிண்ட் மோட்டாரைத் திறக்குமுன் டிஸ்கனெக்ஷன் மெமோ எழுதி, ஸ்டேஷன் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் ரீகனெக்ஷன் மெமோ. பதவியில் எவ்வளவு பெரியவரானாலும் மெமோ இல்லாமல் கை வைக்கலாகாது.

ஓய்வு பெற்ற என் சகாக்கள் சிலர் வீட்டில் இன்னும் ரூட்டாகவே வாழ்கிறார்கள். மருமகள் எந்த எண்ணெயில் தாளிப்பது, பேரன் எந்தக் கல்லூரிக்குப் போவது, எல்லாவற்றுக்கும் இவர்கள் கையெழுத்து வேண்டும். அதிகாரம் இருப்பது தப்பில்லை. எப்போதும் அதை அணிந்துகொண்டே உட்கார்ந்திருந்தால், கை தவறி விழும் ஒரு வார்த்தை முழு வீட்டையும் துடைத்துவிடும். என் வீட்டம்மாள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையோடு தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு. மெனுக்கள் தமிழில் வரும். இடையிடையே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். மொழிபெயர்த்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். தண்ணீர்ப்பந்தலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு உப்பு குறைவு என்று சொல்கிறவர், உப்பு கொண்டுவந்து கொடுக்கலாம். நம் வகுப்பு ஆசிரியை சில சொற்களைத் திருத்தி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். சங்கத்தின் பழைய லேசர் பிரின்டர் மூன்று நாள் பிடிவாதம் பிடித்தது. டேலி நேரடியாக ஓடாது, ஆகவே பொருளாளர் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸையே வைத்துக்கொண்டிருக்கிறார். அதில் தவறில்லை. கறுப்புத் திரையில் கட்டளை எழுதினால் 'அனுமதி இல்லை', 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று முகத்திலடித்தாற்போல் பதில் வரும். இயந்திரத்துக்கு நம்மேல் கோபமில்லை. நாம் எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறது, அவ்வளவே. அந்த வரியை அமைதியாக இரண்டு முறை படித்தால் பாதிக் கோளாறு விளங்கிவிடும். மனிதர்கள் சொல்வதையும் இப்படிப் படித்தால் எவ்வளவோ நல்லது.

இப்போது முக்கியமான விஷயம். நூலகப் பரணில் 1996 வெள்ளிவிழா மலரின் ஐந்து டிஸ்கெட்டுகள் கிடைத்தன. அச்சான மலர் ஒன்றே ஒன்று நூலகத்தில் இருந்தது. கரையான் தின்று எட்டுப் பக்கங்கள்தான் மிச்சம். யு.எஸ்.பி. டிஸ்கெட் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினோம். கெட்டுப்போன பகுதிகளைத் தாண்டித் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் லினக்ஸுக்கு உண்டு. நான்கு டிஸ்கெட்டுகள் படித்தன. கோப்பைத் திறந்தால்? "அங்கிள், தமிழே இல்ல, புழு புழுவா ஏதோ நெளியுது" என்றான் உதவிக்கு வந்த கல்லூரிப் பையன்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு நிறுவனமும் அ-வுக்கு ஓர் எண், க-வுக்கு ஓர் எண் என்று தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டிருந்தது. அந்த மலருக்கான எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை. எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணையும் இல்லை. நாமே எழுதிய தமிழை நாமே படிக்க முடியவில்லை. வயரிங் படம் யாரிடமோ இருந்து, யாரோடோ போய்விட்டது.

கரையான் விட்டுவைத்த எட்டுப் பக்கங்கள் கைகொடுத்தன. அச்சையும் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக அட்டவணை போட்டோம். கொம்பும் இரட்டைக்கொம்பும் பழைய கோப்பில் எழுத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் பின்னால் வர வேண்டும். 'கொ' மூன்று துண்டாகக் கிடக்கும், சேர்க்க வேண்டும். பையன் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினான். நான்காம் ஞாயிறு மாலை, திரையில் புழுக்கள் மறைந்து தமிழ் வந்தது.

அதில் ஓர் அம்மாள் எழுதிய கட்டுரை. 1964-இல் ஹெவி எலக்ட்ரிகல்ஸ் வேலைக்கு வந்த கணவரோடு, ஜி.டி.யில், அம்மிக்கல்லும் ஈரச்சாக்கில் சுற்றிய கறிவேப்பிலைக் கன்றுமாக வந்து இறங்கியது, முதல் குளிரில் கன்று பட்டுப்போனது, பக்கத்து வீட்டு மராட்டியப் பெண்மணி வேறு கன்று கொடுத்தது என்று எழுதிக்கொண்டே போகிறார். அவர் காலமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர் எழுதி அச்சானது இது ஒன்றுதான். எழுபதைக் கடந்த அவர் மகள் நூலகத்துக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். முதலாவது பொங்கலை யார் வீட்டு முற்றத்தில் வைத்தார்கள் என்று சொல்ல ஆரம்பிக்கும் இடத்தில் கட்டுரை நின்றுவிட்டது. மீதி ஐந்தாவது டிஸ்கெட்டில் இருக்கிறது, அது படிக்கவில்லை.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1996 வெள்ளிவிழா மலர் யார் வீட்டுப் பரணிலாவது, டிரங்குப் பெட்டியிலாவது கிடந்தால், கிழிந்ததானாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள். 41-ஆம் பக்கத்திலிருந்து வேண்டும். படமெடுத்துவிட்டு உங்கள் எதிரிலேயே திருப்பித் தந்துவிடுவோம். ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை நூலகத்தில் இருப்பேன். பழைய கம்ப்யூட்டரையும் கொண்டுவருவதானால், முதல் நாளே கோப்புகளுக்கு நகல் எடுத்துவிட்டு வாருங்கள்.