ஊட்டியில் ஒருவர், மெட்ராஸில் ஒருவர்... இங்கிலாந்து கேப்டன்களான கதை தெரியுமா?

2002 ஜூலை 13. லார்ட்ஸ் மைதானத்தில் நாட்வெஸ்ட் தொடரின் ஃபைனல். 326 ரன் டார்கெட். யுவராஜும் கைஃபும் அடித்த அடியில் இந்தியா ஜெயிக்க, பால்கனியில் நின்ற கங்குலி சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். விழுப்புரமோ திண்டிவனமோ, எந்த டீக்கடையில் போய்க் கேட்டாலும் இந்தக் காட்சியை விவரிக்க ஒருவராவது இருப்பார்.

அவரிடமே இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அன்றைக்குத் தோற்ற இங்கிலாந்து அணியின் கேப்டன் எந்த ஊரில் பிறந்தவர்?

லண்டன் இல்லை, மான்செஸ்டரும் இல்லை. நம்ம மெட்ராஸ்! அந்த மேட்ச்சில் 115 ரன் அடித்த நாசர் ஹுசைன், 1968 மார்ச் 28 அன்று சென்னையில் பிறந்தவர். தமிழ்நாட்டில் பிறந்து இங்கிலாந்துக்கு கேப்டன் ஆனவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. அவருக்கு முன்பே ஊட்டியில் பிறந்த ஒருவர் அந்தப் பதவியில் இருந்திருக்கிறார்.

வேறு நாட்டில் பிறந்து இங்கிலாந்துக்கு ஆடியவர்களின் பட்டியல் ரொம்பப் பெரியது. அதில் பலருக்கு ஒரு பொது அனுபவம் உண்டு. "நீ உண்மையிலேயே நம்ம ஆள்தானா?" என்ற கேள்வியை அவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் சந்தித்திருக்கிறார்கள்.

ரஞ்சி டிராபிக்குப் பெயர் தந்தவர் இந்தியாவுக்கு ஆடவில்லை!

ஒவ்வொரு வருஷமும் தமிழ்நாடு அணி ரஞ்சி டிராபியில் ஆடுகிறது. அந்தக் கோப்பைக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங்ஜி, இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. ஆடிய 15 டெஸ்ட்டும் இங்கிலாந்துக்குத்தான். குஜராத்தின் கத்தியவாரில் 1872-ல் பிறந்து, கேம்பிரிட்ஜில் படிக்கப் போனவர். இந்தியா தன் முதல் டெஸ்ட்டை ஆடியதே 1932-ல்தான்.

1896-ல் ஆஸ்திரேலியா வந்தபோது ரஞ்சி பிரமாதமான ஃபார்மில் இருந்தார். ஆனாலும் லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்ட்டுக்கு அவரை எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் மேட்ச் நடக்கும் மைதானத்தின் நிர்வாகமே அணியைத் தேர்வு செய்யும். அடுத்த டெஸ்ட் மான்செஸ்டரில். அங்கே இருந்தவர்கள் ரஞ்சியை அழைத்தார்கள். முதல் இன்னிங்ஸில் 62, இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 154!

துலீப் டிராபிக்குப் பெயர் தந்த துலீப்சிங்ஜி இவருடைய சகோதரர் மகன். அவரும் இங்கிலாந்துக்குத்தான் ஆடினார்.

அடுத்து வந்தவர் பட்டோடி நவாப் இஃப்திகர் அலி கான். நடிகர் சயிஃப் அலி கானின் தாத்தா. 1932 டிசம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தன் முதல் டெஸ்ட்டிலேயே 102 அடித்தார். பேட்ஸ்மேனின் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசிய 'பாடிலைன்' தொடர் அது. அந்த வியூகத்துக்காக லெக் சைடில் போய் நிற்கச் சொன்னபோது பட்டோடி மறுத்துவிட்டார். இரண்டாவது டெஸ்ட்டுக்குப் பிறகு அந்தத் தொடரில் அவருக்கு இடமில்லை. நிற்கச் சொன்ன கேப்டன் டக்ளஸ் ஜார்டின், பிறந்த ஊர் பம்பாய்! அந்தப் பட்டோடியே 1946-ல் இந்திய அணியின் கேப்டனாக இங்கிலாந்துக்குப் போனார்.

ஊட்டியில் பிறந்த 'எம்.சி.சி.'

1932 டிசம்பர் 24. பாடிலைன் தொடர் ஆஸ்திரேலியாவில் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், ஊட்டியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. கிரிக்கெட் பைத்தியமான அப்பா வைத்த பெயர் மைக்கேல் காலின் கவுட்ரி. முதல் எழுத்துகளைச் சேர்த்தால் எம்.சி.சி. லார்ட்ஸ் மைதானத்துக்குச் சொந்தக்காரர்களான மெரில்போன் கிரிக்கெட் கிளப்பின் சுருக்கமும் அதுதான்.

சின்ன வயதிலேயே படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட கவுட்ரி, 114 டெஸ்ட்டில் 22 சதங்களுடன் 7,624 ரன் குவித்தார். உலகிலேயே 100 டெஸ்ட் ஆடிய முதல் மனிதர் அவர்தான். 1968-ல் ஆடிய அந்த நூறாவது டெஸ்ட்டிலும் சதம் அடித்தார். 1963-ல் லார்ட்ஸில் கை எலும்பு முறிந்து, கட்டுப்போட்ட கையோடு கடைசி ஓவரில் களத்துக்கு வந்து மேட்ச்சை டிரா செய்ய உதவியதை இன்றும் பேசுகிறார்கள்.

கவுட்ரியிடம் "நீ நம்ம ஆள்தானா?" என்று யாரும் கேட்கவில்லை. ஊட்டியில் பிறந்தாலும் அவர் வெள்ளைக்காரர். ஆனால், அந்தக் கேள்வியின் முழு வலியையும் அனுபவித்த ஒருவருக்கு அவர் கேப்டனாக இருந்தார்.

158 ரன் அடித்தும் டீமில் இல்லை

அவர் பெயர் பேசில் டி'ஒலிவேரா. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் பிறந்தவர். கலப்பினத்தவர் என்பதால் நிறவெறி ஆட்சியில் சொந்த நாட்டு அணியில் இடம் கிடையாது. இங்கிலாந்தின் வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதி, அவர் உதவியால் 1960-ல் சென்ட்ரல் லங்காஷயர் லீக்கில் ஆட வந்தார். 1966-ல் இங்கிலாந்து அணிக்கே ஆடினார்.

1968 ஆகஸ்ட்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டி'ஒலிவேரா அடித்தது 158. அடுத்த டூர் தென்னாப்பிரிக்கா. தான் பிறந்த மண்ணுக்கு இங்கிலாந்து வீரராகத் திரும்பிப் போகலாம்! ஆனால், சில நாட்களில் அறிவிக்கப்பட்ட அணியில் அவர் பெயர் இல்லை. தென்னாப்பிரிக்க அரசைப் பகைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த முடிவு என்று நாடே கொந்தளித்தது. கேப்டன் கவுட்ரி அந்தத் தேர்வுக் கூட்டத்தில் இருந்தார். தன் வீரருக்காக அவர் உறுதியாக நிற்கவில்லை என்ற விமர்சனம் கடைசிவரை அவரைத் துரத்தியது.

பிறகு ஒரு வீரர் காயத்தால் விலக, அந்த இடத்துக்கு டி'ஒலிவேராவை எடுத்தார்கள். "இந்த அணியை ஏற்க முடியாது" என்ற பொருளில் தென்னாப்பிரிக்கப் பிரதமர் பேச, டூரே ரத்தானது. 1970-க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கப்பட்டது. 1991 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஆடித்தான் மீண்டும் உள்ளே வந்தது. இன்று இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் மோதும் டெஸ்ட் தொடரின் கோப்பைக்கு டி'ஒலிவேராவின் பெயர்!

ரத்தத்தில் இருக்கிறதா?

1995-ல் இங்கிலாந்தின் 'விஸ்டன் கிரிக்கெட் மன்த்லி' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. 'இது ரத்தத்தில் இருக்கிறதா?' என்ற பொருளில் தலைப்பு. வெளிநாட்டில் பிறந்தவர்களும் வேறு இனத்தவர்களும் இங்கிலாந்துக்காக உயிரைக் கொடுத்து ஆடுவார்களா என்று அது சந்தேகம் கிளப்பியது.

அதற்கு முந்தைய வருஷம்தான் ஜமைக்காவில் பிறந்த டெவன் மால்கம், ஓவலில் ஒரே இன்னிங்ஸில் 9 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை ஜெயிக்க வைத்திருந்தார். அவரும், டொமினிக்காவில் பிறந்த ஃபிலிப் டிஃப்ரெய்டஸும் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டுக்கு வெளியே பத்திரிகை சமரசம் செய்துகொண்டது.

இதெல்லாம் நடந்து நாலே வருஷத்தில், 1999-ல், இங்கிலாந்தின் கேப்டன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் மெட்ராஸில் பிறந்த நாசர் ஹுசைன்.

அப்பள விரல் கேப்டன்

நாசரின் அப்பா ஜவாத் ஹுசைன், ரஞ்சி டிராபியில் மெட்ராஸுக்கு ஆடியவர். அம்மா இங்கிலாந்துக்காரர். தேசிங்கு ராஜா கதை கேட்டு வளர்ந்த செஞ்சிப் பக்கத்து மக்களுக்கு 'ஆற்காடு நவாப்' என்ற பெயர் நன்றாகத் தெரியும். அந்தப் பட்டத்தில் பின்னாளில் இருந்த முகமது அலி வாலாஜாவின் வழியில் வந்தது நாசரின் குடும்பம் என்று சொல்லப்படுகிறது. சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே சேப்பாக்கம் அரண்மனை, அது வாலாஜாவின் அரண்மனைதான்.

நாசர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. அப்பா இல்ஃபோர்டு என்ற ஊரில் இன்டோர் கிரிக்கெட் பள்ளி நடத்தினார். பையன் அங்கே லெக் ஸ்பின்னராக வளர்ந்தான். டீன் ஏஜில் கிடுகிடுவென உயரமாக, பந்து சொன்ன இடத்தில் விழ மறுத்தது. பேட்டைக் கையில் எடுத்தான். கண்டிப்பான அப்பாவைப் பற்றி நாசர் தன் சுயசரிதையில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

கேப்டனான முதல் தொடரே தோல்வி. நியூசிலாந்திடம் தோற்று, விஸ்டன் தரவரிசையில் இங்கிலாந்து கடைசி இடத்துக்குப் போனது. ஓவல் மைதானத்து ரசிகர்கள் கூச்சல் போட்டு அவமானப்படுத்தினார்கள். அங்கிருந்துதான் தூக்கி நிறுத்தினார். 31 வருஷத்துக்குப் பிறகு வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராகத் தொடர் வெற்றி, பாகிஸ்தான் மண்ணில் வெற்றி, இலங்கை மண்ணில் வெற்றி. இதற்கு நடுவே விரல்கள் அடிக்கடி உடைந்ததால், 'அப்பள விரல்' என்ற பட்டப்பெயரும் வந்தது!

2001-ல் அவர் சொன்ன ஒரு கருத்து பெரிய விவாதமானது. இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்த ஆசிய வம்சாவளி இளைஞர்கள், இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் கைதட்டுவது தனக்குப் புரியவில்லை என்றார். மெட்ராஸில் பிறந்தவர் இங்கிலாந்துக்கு உயிரைக் கொடுத்து ஆட, லண்டனில் பிறந்த பையன் சச்சினுக்கு விசில் அடிக்கிறான். இரண்டுமே உண்மையான பாசம்தான். பிறப்புச் சான்றிதழை வைத்து அதை அளக்க முடியாது.

சேப்பாக்கம் பார்த்த 'வெளியூர்' இங்கிலாந்து

2008 டிசம்பரில் சேப்பாக்கம் டெஸ்ட்டை நேரில் பார்த்தவர்களுக்கு, 387 ரன்னைத் துரத்தி சச்சின் அடித்த சதம் மறக்காது. அந்த மேட்ச்சில் இங்கிலாந்து கேப்டன் கெவின் பீட்டர்சன், இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்த ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ், விக்கெட் கீப்பர் மேட் ப்ரையர் மூன்று பேருமே தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள்.

2019 உலகக் கோப்பை ஃபைனலிலும் இதே கதை. கேப்டன் இயான் மார்கன் டப்ளின், ஜேசன் ராய் டர்பன், சூப்பர் ஓவர் போட்ட ஜோஃப்ரா ஆர்ச்சர் பார்படாஸ். ஆட்ட நாயகன் பென் ஸ்டோக்ஸ் பிறந்தது, எதிரே ஆடிய நியூசிலாந்திலேயே! அந்த வருஷம் 'சிறந்த நியூசிலாந்துக்காரர்' விருதுக்கு அவர் பெயரும் பரிந்துரைக்கப்பட்டது. "இந்த விருது கேன் வில்லியம்சனுக்குத்தான் போக வேண்டும்" என்று சொல்லி நாகரிகமாக விலகிக்கொண்டார் ஸ்டோக்ஸ்.

ரூல் என்ன சொல்கிறது?

ஒரு நாட்டுக்கு ஆட, அங்கே பிறந்திருக்கலாம், அந்த நாட்டின் குடியுரிமை வைத்திருக்கலாம், அல்லது தொடர்ந்து மூன்று வருஷம் அங்கே குடியிருக்கலாம். ஐ.சி.சி. விதி இவ்வளவுதான். இங்கிலாந்து வாரியம் முன்பு ஏழு வருஷம் கேட்டது. 2018-ல் அதை மூன்றாகக் குறைத்தது. அதனால்தான் ஆர்ச்சரால் உலகக் கோப்பைக்குள் வர முடிந்தது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மக்களுக்கு இதெல்லாம் அந்நியமான விஷயமில்லை. கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் பாண்டிச்சேரி. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே எத்தனையோ. பாரிஸில் பிறந்த பேரன் தமிழும் பிரெஞ்சும் கலந்து பேசுவதைக் கேட்டுச் சிரிக்கும் பாட்டிகளும் உண்டு. நாளைக்கு அந்தப் பேரன் எந்த நாட்டு ஜெர்சியைப் போட்டாலும், பாட்டி டி.வி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்.

2004-ல் லார்ட்ஸில் சதம் அடித்து, வெற்றி ரன்னையும் தானே எடுத்துவிட்டு ஓய்வுபெற்ற நாசர் ஹுசைன், இப்போது கமென்ட்ரி பாக்ஸில் இருக்கிறார். அடுத்த முறை அவர் குரல் கேட்கும்போது, வீட்டில் இருக்கும் குட்டீஸிடம் "இவர் எந்த ஊர், சொல்லு பார்ப்போம்?" என்று கேளுங்கள். நிச்சயம் நம்ப மாட்டார்கள்!