நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் ஸ்டென்ட்: நோயாளி அறிய வேண்டியவை

ரத்தக் குழாயின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய செல் படலம் இடைவிடாமல் சிறிதளவு நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளிவிடுகிறது. குழாயின் தசையைத் தளர்த்துவதும், தட்டணுக்கள் சுவரில் ஒட்டி உறைகட்டி ஆகாமல் தடுப்பதும் இந்த வாயுவின் வேலை. இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அடைபட்ட குழாயை விரித்து ஸ்டென்ட் வைக்கும்போது அந்தப் படலம் சிதைகிறது. உள்ளே வைத்த உலோக வலையால் வாயுவைச் சுரக்க முடியாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் மாதக்கணக்கில் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நைட்ரிக் ஆக்சைடு ரத்தத்தில் சில நொடிகள்கூட நிலைப்பதில்லை. ஹீமோகுளோபின் அதைப் பிடித்துக்கொள்கிறது. வாயுவை உண்டாக்கும் வேதிப்பொருளை ஸ்டென்ட் மேல் பூசினால், இருப்பு தீர்ந்ததும் பயன் தீர்ந்துவிடும். இந்த இடத்தில்தான் வினையூக்கிப் பொருள்கள் வருகின்றன. ரத்தத்தில் உள்ள குளூட்டாதயோன், ஆல்புமின் ஆகியவற்றின் கந்தக முனைகளில் நைட்ரிக் ஆக்சைடு ஏற்கெனவே பிணைந்திருக்கிறது. இச்சேர்மங்களுக்கு நைட்ரோசோதயால் என்று பெயர். செம்பு அயனியோ சில செலினியச் சேர்மங்களோ பட்டால் இந்தப் பிணைப்பு உடைந்து, அந்த இடத்திலேயே வாயு வெளிவரும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் மேயர்ஹாஃப் குழு இவ்வழியில் முன்னோடி ஆய்வுகளைச் செய்தது. மூலப்பொருளை உடலே தருவதால் பூச்சு தீராது என்பதே இதன் கவர்ச்சி.

அபாயமும் அங்கிருந்தே தொடங்குகிறது. ரத்தத்தில் நைட்ரோசோதயாலின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே கிடைக்கும் வாயுவின் அளவும் மாறும். வாயு மிகுந்தால் சூப்பர் ஆக்சைடுடன் கூடி, செல்களைத் தாக்கும் பெராக்சிநைட்ரைட்டாகிறது. நாளடைவில் புரதங்கள் படிந்து வினையூக்கியின் மேற்பரப்பு மழுங்கலாம். செம்பு அயனிகள் கசியவும் கூடும். இத்தகைய பூச்சுகளில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வகத்திலும் விலங்குச் சோதனையிலும்தான் உள்ளன.

உடலுக்குள் வைத்த உலோகம் கசிந்தால் என்ன நேரும் என்பதை இந்தியா ஒருமுறை பார்த்துவிட்டது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனம் டிபூய் தயாரித்த ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டிலிருந்து கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. 2010 ஆகஸ்டில் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகள் அதைக்கொண்டு நடந்திருந்தன. நோயாளிகளில் பெரும்பாலானோரைப் பிறகு கண்டறியவே முடியவில்லை. 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று மத்திய அரசு 2018-இல் வகுத்தது. நிறுவனம் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. கரையும் ஸ்டென்ட் என்று புகழப்பட்ட அப்சார்ப்பும் சந்தையில் நிலைக்கவில்லை: 2016-இல் அமெரிக்க அனுமதி பெற்றது, இதயப் பாதிப்புகள் கூடுதலாகக் காணப்பட்டதும் 2017-இல் விற்பனை நின்றது. புதுமை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

ஆகவே புதிய பூச்சுள்ள ஸ்டென்டைப் பரிந்துரைத்தால், அது உரிமம் பெற்றதா, சோதனையில் உள்ளதா என்று முதலில் கேட்க வேண்டும். 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி, ஸ்டென்ட் போன்ற உயர் அபாயக் கருவிகளுக்கு உரிமம் வழங்குவது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. சோதனைக் கருவி என்றால் அதே அமைப்பின் அனுமதியும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவும் இருக்க வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்பம் பெற வேண்டும். எந்தக் கட்டத்திலும் அவர் விலகலாம். சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

விலையிலும் உரிமை இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் சாதாரண உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும், மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும் உச்சவரம்பாக நிர்ணயித்தது. அதன்பின் இவ்வரம்பு அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. ஸ்டென்டின் விலை, வணிகப் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவற்றை மருத்துவமனை ரசீதில் தனியாகக் காட்ட வேண்டும்.

நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்கும் என்று விற்கப்படும் பொடிகளும் மாத்திரைகளும் வேறு ரகம்; பெரும்பாலும் ஆர்ஜினின் அல்லது பீட்ரூட் சார்ந்தவை. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆர்ஜினின் கொடுத்த ஓர் அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளியானது. ஆர்ஜினின் சாப்பிட்டவர்களில் 6 பேர் இறந்தனர். மற்றப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வே இடையில் நிறுத்தப்பட்டது. இதய நோயையும் ஆண்மைக் குறைவையும் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எடுத்துக்காட்டாக, புணேயின் கோந்த்வாவில் வசிப்பவர் ஒருவருக்குக் கருவியால் பாதிப்பு நேர்ந்தால், இந்திய மருந்தியல் நூல் ஆணையம் நடத்தும் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். பொய் விளம்பரம், உரிமமில்லாத விற்பனை பற்றி மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் புகார் செய்யலாம். இழப்பீட்டுக்கு, சிகிச்சை மும்பையில் நடந்திருந்தாலும் புணே மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம்; 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வசிப்பிடத்தில் வழக்குத் தொடர இடமளிக்கிறது, குறையுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளரையும் பொறுப்பாக்குகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை. வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டியது மருத்துவரின் கடமை. ஸ்டென்ட் பெட்டியில் வரும் ஒட்டுச்சீட்டை ரசீதோடு சேர்த்து வீட்டில் பத்திரமாக வையுங்கள். கருவி திரும்பப் பெறப்படும் நாளில் உங்கள் உடலில் இருப்பது அதுதானா என்று காட்டும் சான்று அதுவே.